நடிக்க ஆசை, எங்கே சேருவது?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் தனியாக வருவார்கள். இப்போது அம்மாவோ அப்பாவோ கூடவே வருகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வரும்போதே முடிவெடுத்துவிட்டு, நான் தலையாட்டினால் போதும் என்று வருகிறார்களே, அதுதான் கவலை. சிட்லபாக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார், "ஏதாவது ஒரு கோர்ஸ்ல சேர்த்துவிட்டா கையில சர்டிபிகேட்டாவது இருக்கும் பாருங்க மேடம்" என்றார். பையனுக்கோ, தன் கூட்டாளி சேர்ந்த இடத்தில்தான் தானும் சேர வேண்டும் என்று பிடிவாதம். இருவருக்கும் காரணம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. கோர்ஸ் முடிந்து அவன் மறுபடி வந்தபோது பளபளவென்று ஒரு போட்டோ ஆல்பம் கொண்டுவந்து காட்டினான். பத்து வரி வசனத்தைக் கொடுத்து எழுந்து பேசச் சொன்னேன். நாலாவது வரியில் மூச்சு தீர்ந்துவிட்டது.

மேடையில் நடிக்க விரும்பும் ஒரு புதியவருக்கு நம் பகுதியில் வழி இல்லாமல் இல்லை. எது யாருக்குப் பொருந்தும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

படிக்கும் கல்லூரியில் நாடகக் குழு இருந்தால் அதில் சேருங்கள். இதற்கு யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். காசு செலவில்லை, வீட்டில் சண்டையில்லை, தப்புச் செய்தாலும் கைதட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு வெகு முன்பே, அந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்று நாடகத்துக்கு ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அந்தப் பரம்பரை உண்டு. குறை ஒன்றுதான்: கல்சுரல்ஸ் போட்டிக்காகத் தயாராகும் பத்து நிமிட ஸ்கிட்டோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. நடுவரைச் சிரிக்கவைப்பதும் நடிப்பும் ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வருடம் முடிந்ததும் குழுவும் கலைந்துவிடும். அதற்குள் வெளியே ஓரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சபா நாடகம். யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952இலும், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் 1954இலும், கிரேஸி கிரியேஷன்ஸ் 1979இலும் தொடங்கியவை. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் வேலையில் இருந்துகொண்டேதான் நாடகம் போட்டார். சபா நாடகம் என்பதே வேலைக்குப் போகிறவர்களின் கலை. மாலையில் ஒத்திகை, சனி ஞாயிறில் நாடகம். பெருங்களத்தூரில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவருக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். வசனத்தைத் தெளிவாகச் சொல்வது, சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தி அடுத்த வரியை எடுப்பது, லைட் அணைவதற்குள் செட்டில் இடம் மாறுவது என்று பல காரியங்களை அந்த மேடை கற்றுத்தரும். உடம்பை மட்டும் அது அவ்வளவாகக் கேட்பதில்லை. மேலிருந்து தொங்கும் மைக்குக்குக் கீழே நின்று பேசிப் பழகியவர், அதைவிட்டு ஓரடி தள்ளி நிற்கவும் தயங்குவார். அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் நஷ்டமில்லை.

ஆங்கிலத்தில் சரளமாக நினைக்கவும் பேசவும் முடிகிறவர்களுக்கு 1955இலிருந்து இயங்கும் மெட்ராஸ் பிளேயர்ஸ் இருக்கிறது, தியேட்டர் நிஷா இருக்கிறது. கௌரவத்துக்காக அங்கே போக வேண்டாம். எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருகிறதோ அந்த மொழியில் முதலில் நடியுங்கள்.

இனி அந்த நடிப்புக் கோர்ஸுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறி, கதவுக்கு மேலே பாருங்கள். பி.ஜி. விடுதி, கடன் உதவி, பகுதிநேர வேலை விளம்பரங்களுக்கு நடுவே 'புதுமுகங்கள் தேவை' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். போனில் வரும் விளம்பரங்கள் இன்னும் நேர்த்தியானவை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வகுப்புகள். முடிவில் சர்டிபிகேட், போர்ட்ஃபோலியோ, ஒரு குறும்படம், 'ஆடிஷன் வாய்ப்பு'. கட்டணம் தனி, போட்டோவுக்குத் தனி, மேக்கப்புக்குத் தனி. இதில் சேர்வதுதான் இப்போது நாகரிகம். நாடகம் கற்க வேண்டும் என்று வரும் பிள்ளையைக்கூட, "முதலில் அங்கே போய் பேசிக்ஸ் கற்றுக்கொண்டு வா" என்று கூட இருப்பவர்களே அனுப்பிவைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மொபைல் கடைக்கு மேல் மாடி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் வட்ட விளக்கும் ஸ்டாண்டில் கேமராவும். ஒவ்வொருவராக வந்து நின்று, சினிமாவில் பிரபலமான ஒரு காட்சியைப் பேசிக்காட்ட வேண்டும். ஒரு பெண் அழ வேண்டிய கட்டம். எதிரே யாருமில்லை, இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட அண்ணனும் இல்லை, செய்தி சொன்ன ஆளும் இல்லை. அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கோணிக்கொண்டிருந்தாள். "சூப்பர், அந்த லுக்கை ஹோல்ட் பண்ணு" என்றார் சொல்லிக்கொடுப்பவர். கைகள் இரண்டும் செத்துத் தொங்கின. பாதம் எங்கே நிற்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் அக்கறையில்லை. கழுத்துக்கு மேலே மட்டும் நடிப்பு.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் முப்பது பேர், வகுப்பு இரண்டு மணி நேரம் என்றால் ஆளுக்கு நாலு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் நடிப்பதைப் பார்ப்பது, அல்லது போனைப் பார்ப்பது. ஒரு சாதாரண நாடகக் குழுவில், ஒரு வரிகூட வசனமில்லாத காவலாளி வேடம் போடுகிறவன்கூட ஒத்திகை நடக்கும் நேரம் முழுக்க நிற்கிறான், கேட்கிறான், அடுத்தவர் சொல்வதற்கு முகம் கொடுக்கிறான். நடிப்பில் முக்கால் பங்கு கேட்பதுதான். கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். கேமராவுக்கு முன்னால் தன்னந்தனியாக மோனோலாக் பேசிப் பழகியவன் மேடைக்கு வந்தால், சக நடிகர் பேசும்போது தன் அடுத்த வரியை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருப்பான். இந்தப் பழக்கத்தை மாற்றுவது, ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். நானும் என் நண்பர்களும் வருடக் கணக்கில் மல்லாடிய வேலை இது.

பெற்றோர் நம்பும் சர்டிபிகேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த நாடகக் குழுவும், எந்த இயக்குநரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "எழுந்து நின்று செய்து காட்டு" என்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, முறையாக நடக்கும் ஆடிஷனுக்கு யாரும் பணம் வாங்குவதில்லை. பணம் கட்டினால்தான் பார்ப்போம் என்று சொல்கிற இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்வேன்: போட்டோ எடுப்பதற்காக முன்பின் தெரியாத இடத்துக்குத் தனியாகப் போகாதே, உன் படங்கள் யார் கையில் இருக்கின்றன என்று தெரியாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதே. சேலையூரில் ஒரு பெண் இதில் பட்ட பாட்டை நான் அறிவேன். அவள் நன்றாகப் பாடுவாள், நன்றாக நடிப்பாள். அதன்பிறகு மேடைப்பக்கமே வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

"விஜய் சேதுபதி இப்படித்தானே பயிற்சி எடுத்து வந்தார்?" என்று கேட்பார்கள். இல்லை. அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதப் போனவர். அங்கே நடிகர்கள் தினமும் உழைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதன்பின் சின்னச் சின்ன வேடங்களில் வருடங்கள் போயின. 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது 2010இல். பசுபதியும் கலைராணியும் அந்தப் பட்டறையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள். குரு சோமசுந்தரமும் அங்கே நெடுங்காலம் உழைத்துவிட்டுத்தான் 'ஆரண்ய காண்டம்' படத்தில் தெரியவந்தார். பிள்ளைகள் இந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்த வருடங்களைச் சொல்வதில்லை.

எல்லாப் பயிற்சி நிலையங்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நாடகத்தில் பழுத்தவர்கள் சிலர் நேர்மையாக வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "உங்கள் மாணவர்கள் டிக்கெட் வாங்கி வருகிற பார்வையாளர்களுக்கு முன்னால் கடைசியாக எப்போது நாடகம் போட்டார்கள்?" பதில் உடனே வந்தால், அந்த நாடகத்தைப் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அப்படியானால் நவீன நாடகக் குழுக்கள்? ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும், ஞாநி 1978இல் தொடங்கிய பரீக்ஷாவும் இந்த நகரத்தில் புதியவர்களுக்குத் திறந்துவைத்த கதவுகள் ஏராளம். முத்துசாமி 2018 அக்டோபரில் காலமானார். ஞாநி அதே ஆண்டு ஜனவரியில். அவர்களிடம் பழகிய தலைமுறையினர் இன்று சென்னையில் பல இடங்களில் குழு வைத்திருக்கிறார்கள். இவற்றில் சேர ஆசைப்படுகிறவர் தன் மாலைகளைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்திகை நுங்கம்பாக்கத்திலோ விருகம்பாக்கத்திலோ இருந்தால், கல்லூரி முடிந்து தாம்பரத்திலிருந்து போய், வீடு திரும்ப இரவு பத்தைத் தாண்டும். நாடகம் நெருங்கும் வாரங்களில் தினமும் அப்படித்தான். "வாரத்துக்கு ஒருநாள் வரட்டுமா?" என்று கேட்டால் நல்ல குழு வேண்டாம் என்றுதான் சொல்லும். சொல்ல வேண்டும்.

வெகுதூரம் போக முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது வீதி நாடகம்தான். எனக்கு அதில் பாசம் அதிகம், மறைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எழுத்தறிவைப் பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணத்தில்தான் நான் நடிக்கக் கற்றேன். வண்டலூரைத் தாண்டி ஒரு கிராமம், ஆலமரத்தடியில் நாடகம். குடித்துவிட்டு வந்து மனைவியின் சிலேட்டைப் பிடுங்கி எறியும் கணவனாக நடித்தவரை, கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து நிஜமாகவே திட்டத் தொடங்கிவிட்டார். வசனத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நடிகர் சட்டென்று பாட்டியின் காலடியில் உட்கார்ந்து, "நீயே சொல்லு ஆயா, இவ படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று கேட்டார். பாட்டி சொன்ன பதிலுக்கு ஊரே கைதட்டியது. நாங்கள் எழுதிவைத்திருந்த முடிவைவிட அது நன்றாக இருந்தது. செட் இல்லை, லைட் இல்லை, திரை இல்லை. நாய் குறுக்கே வரும், பஸ் ஹாரன் அடிக்கும், குழந்தை அழும். அத்தனைக்கும் நடுவே பார்ப்பவனை நிறுத்திவைக்கக் குரலும் உடம்பும் மட்டும்தான் உண்டு.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறும் இருக்கிறது. வங்காளத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறை, தமிழ்நாட்டு வீதி நாடகத்துக்குப் பெரிய உந்துதல். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984இலிருந்து இயங்குகிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (த.மு.எ.க.ச.) கிளைகளிலும் நாடகத்தில் அக்கறையுள்ளவர்களைப் பார்க்கலாம். கேட்டுப் போனால் யாரும் விரட்டமாட்டார்கள். பறையைத் தூக்கச் சொல்வார்கள், பேனர் கட்டச் சொல்வார்கள், அப்புறம் வேடம் தருவார்கள்.

வீதி நாடகத்தில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். கருத்தைச் சொல்லும் அவசரத்தில் பாத்திரம் அட்டையாகிவிடும். முதலாளி என்றால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பது, போலீஸ் என்றால் லத்தியைச் சுழற்றுவது என்று கை தானாகப் போய்விடும். ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகு, நுணுக்கமான பாத்திரங்கள் கிடைக்கும் அரங்குக்கும் போய்ப் பழகியே ஆகவேண்டும்.

தெருக்கூத்தை ஒரு கோர்ஸாக நினைத்து வருகிறவர்களும் உண்டு. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் பரம்பரையினர் இன்றும் ஆடுகிறார்கள். நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்த பிறகுதான் முத்துசாமிக்கே நாடகம் பற்றிய எண்ணம் மாறியது. வாரக் கடைசிப் பயிற்சியில் கூத்தாடி ஆகிவிட முடியாது. ஆனால் இரவு முழுக்க விழித்திருந்து ஒரு கூத்தைப் பாருங்கள், முடிந்தால் வேடம் கட்டுகிற இடத்திலேயே போய் உட்காருங்கள். அரிதாரம் பூசி, புஜக்கட்டை கட்டி, கிரீடத்தைத் தலையோடு இறுக்கி முடிக்கும்போது, அதுவரை உங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர் முதுகு நிமிர்ந்து வேறு ஆளாகியிருப்பார். அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு விடிய விடியப் பாடவும் ஆடவும் வேண்டும் என்றால் உடம்பு எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்பது அங்கே புரியும். அவ்வளவு தொலைவு போக முடியாதவர்கள் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் கூத்து நடக்கும் நாட்களை விசாரித்துக்கொள்ளலாம்.

பட்டப்படிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாடகத்தையே முழுநேரமாகப் படிக்க விரும்பினால் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. டெல்லிக்கு விண்ணப்பிக்கப் பட்டமும் வேண்டும், அதற்கு முன்பே நாடகங்களில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். ஆகவே அதுவும் முதல் படி அல்ல. வீட்டைச் சமாதானப்படுத்த விஸ்காம் சேர்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்து சேர வேண்டும்: அது கேமராவும் எடிட்டிங்கும் விளம்பரமும் கற்கும் படிப்பு, நடிப்புப் படிப்பு அல்ல.

எந்த வழியில் போனாலும், தனக்கு இது வருமா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பார்கள். அழகும் உயரமும் இதில் பெரிய விஷயமே இல்லை. நான் பார்ப்பது வேறு. ஒரே காட்சியை முப்பதாவது தடவை செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிறானா? தன் காட்சி முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்புகிறானா, இருந்து பார்க்கிறானா? மளிகைக் கடையில் பில் போடுகிறவர் பென்சிலைக் காதில் எப்படிச் செருகுகிறார், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே விரல் நிற்காமல் எப்படித் தொடுக்கிறார் என்று கவனித்திருக்கிறானா? இவை இருந்தால் மற்றதெல்லாம் கற்றுத்தரலாம். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் நாங்கள் ஒத்திகை வைத்திருந்தபோது, சில நிமிடத்துக்கொரு ட்ரெயின் போகும். மெல்லிய குரல்காரப் பெண் ஒருத்தி முதலில் ரயிலோடு போட்டிபோட்டுக் கத்தினாள், தொண்டை கட்டிக்கொண்டது. வாரங்கள் போன பிறகு, ரயில் வந்தால் வசனத்தை நிறுத்தி, எதிரே இருப்பவரையே பார்த்தபடி அசையாமல் நின்று, சத்தம் அடங்கியதும் அதே சூட்டில் அடுத்த வார்த்தையை எடுக்கக் கற்றுக்கொண்டாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கேயே நின்று நின்று அவள் கண்டுபிடித்தது.

பொறுமை என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு நான் பம்மலைக் காட்டுகிறேன். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல், வெளியூரிலிருந்து பட்டணத்துக்கு வந்த ஒரு நாடகக் குழுவைப் பார்த்துவிட்டு, பதினெட்டு வயதில் நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். பின்னால் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் நாடகம் எழுதினார், நடித்தார், கற்றுக்கொடுத்தார். அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' நூலைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். போர்ட்ஃபோலியோவுக்குக் கேட்கும் பணத்தில் அதைப் போலப் பல புத்தகங்கள் வாங்கிவிடலாம்.

முடிவெடுப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் சும்மா நாடகம் பாருங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டரில், அல்லியான்ஸ் பிரான்சேஸில், சபாக்களில், தெருமுனையில், எது கிடைக்கிறதோ அது. எந்த நாடகம் முடிந்ததும் பின்பக்கம் போய் அந்த நடிகர்களோடு பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அந்தக் குழுவிடம் கேளுங்கள். நடிக்க இடமில்லை, நாற்காலி போட ஆள் வேண்டும் என்றால் நாற்காலி போடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன், பிள்ளை சேரப்போகும் இடத்தில் ஒருநாள் ஒத்திகையைப் பார்க்க நீங்களும் வரலாமா என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, இரவு எத்தனை மணிக்கு முடியும், தாம்பரம் ட்ரெயின் வரை யார் கூட வருவார்கள் என்றும் கேளுங்கள். நல்ல குழு "தாராளமா வாங்க, டீ நேரத்துக்கு வந்தா எல்லாரையும் பார்க்கலாம்" என்று சொல்லும். பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்று சொல்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.